மிஷின் சத்தம் மட்டும்

கீழ்வீட்டில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தார். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி வேலை, பகலில்தான் தூக்கம். மேல்வீட்டில் அக்காவும் அவள் புருஷனும் தங்கையும். அக்கா புருஷன் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் தங்குவது குறைவு. தங்கைக்கோ பகலில் பாடிப் பழகாவிட்டால் சோறு இறங்காது.

ஒருநாள் அக்கா வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, மாற்றுத் துணி எடுக்க அலமாரியைத் திறந்தாள். தொங்குகிற துணிகளுக்கு நடுவே கிதாரைக் கட்டிக்கொண்டு, வேர்வையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கிறாள் தங்கை.

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? மூச்சு முட்டிச் சாகப்போறே!"

"மெதுவாப் பேசுக்கா. நர்ஸம்மா இப்பதான் படுத்தாங்க."

நர்ஸம்மாவுக்கு இந்த விஷயம் கடைசிவரை தெரியாது. தங்கையும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அப்படி ஒரு மனசு அவளுக்கு உண்டு. இல்லையென்று சொன்னால் கடவுளுக்கே பொறுக்காது.

தெரிந்தவர்கள் அவளைக் 'கலவை' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் பிரார்த்தனைக் கூடத்தில் பாடச் சொன்னால், கும்பிடுகிற பாட்டுக்குக் குத்துப்பாட்டுத் தாளத்தைப் போட்டுவிடுவாள். கண்ணை மூடியிருந்த பெரியவர்களெல்லாம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறப்பார்கள். வளர்ந்த பிறகு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. விடுமுறை நாட்களில் ஒரு காபிக் கடையின் மூலையில் பாட்டு. எல்லாம் அவளே எழுதி அவளே மெட்டுப் போட்டது. தாலாட்டு மாதிரி ஆரம்பிக்கும், நடுவில் கிதார் உறுமும், முடியும்போது பிரார்த்தனையாக இருக்கும்.

"இது தாலாட்டாம்மா, குத்தா? வந்தவங்க தூங்கறதா, ஆடறதா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மொதல்ல பில்லைக் கட்டச் சொல்லுங்கண்ணே. அப்புறம் அவங்க இஷ்டம்."

பாட்டுக் கம்பெனிக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள்: இது எந்த ரகம்? பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தாள். அப்புறம் அந்த அலமாரிக்குள்ளேயே மைக்கை மாட்டி, தானே பதிவு செய்து, இணையத்தில் போட ஆரம்பித்தாள். கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். ஒவ்வொரு பாட்டையும் முதலில் கேட்டவள் அக்கா.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்பைத் துணி தேய்க்கிற ஸ்டீம் பிரஸ்ஸின்மேல் போட்டு மூடியை இறக்கினால் 'உஸ்ஸ்' என்று ஆவி சீறும். தூக்கினால் 'டக்'. பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால்தான் அக்கா அங்கே பாடினாள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. "பேர் வைக்கறதுக்குள்ள போயிடுச்சு, விடு" என்றார் புருஷன். ஆனால் வயிற்றில் இருக்கும்போதே அவள் பெயர் வைத்துவிட்டாள். அதற்கென்று ஒரு மெட்டும் தானாக வந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்குத் தலை வாரிவிட்டவள் தங்கை. அவளிடம் மட்டும் அந்தப் பெயரைச் சொன்னாள். "கடவுளுக்கும் உனக்கும்தாண்டி தெரியும்."

அந்தப் பெயரை இங்கேயும் எழுத வேண்டாம். வெளியே போனவரைக்கும் போதும்.

பிறகு ஒருநாள் தங்கை சலவைக்கூடத்துக்கு வந்தாள். "உன் மிஷின் சத்தம் நல்ல தாளமா இருக்குக்கா. அதை மட்டும் எடுத்துக்கட்டுமா?"

"மிஷினைத் தவிர இங்க என்ன இருக்கு? எடுத்துக்கோ."

கொஞ்ச நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில், அக்காவோடு விரிப்பு மடிக்கிறவள் போனில் ஒரு பாட்டு வைத்தாள். உஸ்ஸ், டக். உஸ்ஸ், டக். "கேளுங்கடி, நம்ம மிஷினுக்கு வந்த வாழ்வை!" எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தி எழுந்து ஆடினாள். அதன்மேல் அக்காவின் மெட்டு வந்தது. தங்கையின் குரல் வந்தது. கிதார் உறுமி அடங்கிய இடத்தில் அந்தப் பெயர் வந்தது.

"பேரு எவ்வளவு அழகு பாரு! எங்க பேத்திக்கு இதையேதான் வைக்கப்போறோம்" என்றாள் மடிக்கிறவள்.

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள்.

வீட்டில் தங்கை முகம் மலர்ந்து நின்றாள். ஊரெல்லாம் அந்தப் பாட்டுத்தான். பெரிய அரங்கத்தில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள், வெளிநாட்டுக்கும் அழைப்பு.

"நான் மிஷின் சத்தத்தைத்தானேடி குடுத்தேன்?"

"மிஷினோட சேர்ந்து நீ பாடின மெட்டும் விழுந்துடுச்சுக்கா. இங்க வந்து கேட்டப்போ அழுதுட்டேன். அதைப் போய் எப்படி அழிக்கறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போட்டாள், தங்கை பின்னாலேயே வந்தாள்.

"குழந்தையைப் பறிகொடுத்தவங்க எத்தனை பேரு எனக்கு எழுதறாங்க தெரியுமா? ஆறுதலா இருக்காம்."

"அவங்க அவங்க குழந்தை பேரைச் சொல்லிப் பாடட்டும். என் குழந்தை பேரை எனக்குத் திருப்பிக் குடு."

தங்கை அக்காவின் கையைப் பிடித்தாள். "சரி. இனிமே என் வாயால அந்தப் பேரைப் பாடமாட்டேன். கடவுள் சத்தியம்."

கடவுள் பெயரைச் சொன்ன பிறகு அக்கா நம்பாமல் இருப்பாளா? நம்பித்தான் அரங்கத்துக்குப் போனாள். வாசலுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. 'உஸ்ஸ், டக்' கேட்டதும் மடியில் கிடந்த அவள் கைகள் தாமாகவே விரிப்பு மடிக்க ஆரம்பித்தன. தங்கை பாடிக்கொண்டே வந்தாள். பெயர் வருகிற இடம் வந்தது. தங்கை வாயை மூடினாள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது தங்கை மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

அரங்கமே எழுந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. பெற்றவள் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கூப்பிடாத பெயர். கீழ்வீட்டு நர்ஸம்மாவின் தூக்கம் கலையக் கூடாதென்று அலமாரிக்குள் வெந்து கிடந்தவள், மேடையில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு நின்றாள். அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டாள். சாத்திய கதவுக்கு வெளியேயும் அது கேட்டது. எவ்வளவு அழகாகக் கேட்டது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து பிரஸ்ஸின் முன்னால் அக்கா பாடுவதில்லை.

மறுநாள் காலையில் தங்கை வெளிநாட்டுக்குக் கிளம்பினாள். விமான நிலையத்துக்குப் போகிற பஸ் வரைக்கும் அக்காவே கிதார்ப் பையைச் சுமந்துகொண்டு வந்தாள். அன்றைக்குப் பிறகு இருவரும் இன்றுவரை நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. பஸ் புறப்படும்போது தங்கை ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"நான் வாயே திறக்கலையேக்கா. அவங்கதானே பாடினாங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "சரி, அதை விடு. அத்தனை பேரும் சேர்ந்து கூப்பிட்டப்போ நல்லா இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுக்கா."