மீன்காரி மகளுக்கு மீன் ஆகாது

மீன் விற்பவளுக்கு மீனைவிட அதிகமாகக் கிடைப்பது இலவச அறிவுரை. கடை போட்டு உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்தத் தலைவிதி தெரியும். போர்ட் பிளேரில், ஜங்லிகாட் சந்தையில் என் கடை. மகள் ஜெனி இரண்டாம் வகுப்பு. புரதத்தில் இருக்கிற பினைல்அலனின் என்ற சத்தை உடைக்கிற சக்தி அவள் உடம்புக்குப் பிறவியிலேயே இல்லை. மீன், முட்டை, பருப்பு எதுவும் கூடாது. அளந்த சோறு, காய்கறி, மெயின்லேண்டிலிருந்து வரும் மருந்து மாவு, அவ்வளவுதான்.

சூரை வாங்க வந்தவர்

ஜெனி என் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். மீன்காரி பிள்ளை வெறும் கிழங்கு தின்பதைப் பார்த்து, வாடிக்கையாக வரும் பெங்காலிக்காரர் பதறிவிட்டார். சூரையை வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அரே பெஹன், மச்லி சாப்பிடாத பிள்ளைக்கு மூளை எப்படி வளரும்?"

பக்கத்துக் கடை லாத்தா

திடீரென்று ஜெனி மாறிப்போனாள். வகுப்பில் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் காரணமில்லாமல் அழுகை, கையில் கிடைத்ததை எறிவது. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினோம். அந்தச் சத்து எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "மூளைக்குள்ளே போக எல்லாத்துக்கும் ஒரே வாசல்தாம்மா. இது ஒண்ணே கூட்டமா அடைச்சுக்கிட்டா, மத்த சத்து உள்ளே போக முடியாது. கவனத்துக்கும் மனசுக்கும் வேண்டிய ரசாயனத்தை மூளை எதை வச்சுச் செய்யும்?" என்றார் டாக்டர், போனில்.

ஜெனியிடம் விசாரித்தேன். பக்கத்துக் கடை ஜைனம்பு அக்கா, நாங்கள் லாத்தா என்று கூப்பிடுபவள், தினமும் சாயங்காலம் பொரித்த மீன் கொடுத்திருக்கிறாள். சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் திங்கும்போது பச்சப்புள்ள என் வாயப் பாத்துக்கிட்டே நின்னுச்சு மேரி, எனக்கு மனசு கேக்கல."

வஞ்சிரம் சார்

பத்தியத்தை இறுக்கிப் பிடித்ததும் ஜெனி மெல்ல மெல்லப் பழையபடி ஆனாள். அந்தச் சமயத்தில்தான் வஞ்சிரம் மட்டுமே வாங்கும் ஒரு சார், "ஒரு துண்டு தின்னா என்ன ஆயிடும்? நீங்களே பிள்ளையை நோயாளி ஆக்குறீங்க" என்றார். அவருக்காக எடுத்த மீனைத் திரும்பப் பலகையில் போட்டேன். "உங்க வியாபாரம் எனக்கு வேண்டாம் சார்" என்றேன்.

"ஊரில் வேற கடையா இல்லை?" என்று கோபமாகப் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார். லாத்தா தன் மீன் குவியல்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள். "எங்க புள்ள தட்டுல கை வைக்கிறவங்களுக்கு இங்கயும் மீன் கெடையாது சார்."

அன்போடு நீளும் கையைத் தட்டிவிடுவது செதிள் உரிப்பதைவிடக் கஷ்டம்தான், ஆனாலும் தட்டிவிடுவேன்.