மாஸ்டர் கொண்டுவந்த கூவல்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இன்று கல்முனையில் மூன்று கடைக்கு முதலாளி. என் கை படாத ரேடியோ இந்த ஊரில் இல்லை. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் நிந்தவூரில் இருந்து மெலிந்த பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் பெட்டியொன்றோடு வந்தார். கரண்ட் கன்வேயர் என்ற, மின்னோட்டத்தைக் கடத்தும் சின்ன எலக்ட்ரானிக் சில்லுகளை வைத்து அவரே செய்தது. குமிழைத் திருகினால் மெல்லிய கூவல் ஏறி இறங்கும். திருகும்போதெல்லாம் இடக்காதைப் பொத்திக்கொள்வார். அண்ணனை அழைப்பதுபோல் என்னைக் காக்கா என்றார்.

"சுனாமியில இருந்து என்ட காதுக்குள்ள ஒரு கூவல், காக்கா. வீட்டில ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. அதையே வெளியில எழுப்பிக் காட்டணும்."

"திருகுங்க மாஸ்டர். என்ட காதுக்கு ஒண்டும் தப்பாது."

ஓரிடத்தில் அவர் கை நின்றது. "இதுதான். கேக்குதா?"

"ஓம், கேக்குது."

கண்களைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் சுவிட்சை அணைத்தார், சலாம் சொல்லிப் போனார். அவர் அணைத்ததை என் கண்ணால் கண்டேன். கூவல் இன்னும் நிற்கவில்லை.