மழைக்கு நிற்கும் வண்டி

மலைமேல் இருக்கிற பூக்காவிலிருந்து கீழே ஷ்கோதர் பட்டணத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்காரர்களில் பாஷ்க் ஒருவனிடம்தான் பெட்ரோல் வண்டி இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் டீசல். இத்தாலிக்குக் கட்டட வேலைக்குப் போன மச்சான், அங்கே யாரோ கழித்துக் கட்டியதை மலிவாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தான். பெட்ரோல் குடித்தே உன்னை ஓட்டாண்டி ஆக்கிவிடும் என்று ஸ்டாண்டில் ப்ரெங்க் கேலி பண்ணுவான். ப்ரெங்க்குக்கு வண்டி ஓட்டுவது உபதொழில், அடுத்தவனை ஓட்டுவதுதான் முழுநேரத் தொழில்.

பாஷ்க் கண்டுகொள்ள மாட்டான். வண்டி பழசானாலும் புதுப்பெண் மாதிரி வைத்திருந்தான். எங்கள் சனம் முழங்கால் சேற்றோடு வந்து நிற்கும், ஆனால் சேறு படிந்த வண்டியில் ஏறாது. அதனால் சாயங்காலம் கடைசி நடை முடிந்ததும் நேராக ஓடைத் திருப்பத்திலிருக்கும் வாட்டர் சர்வீஸ்தான். வெளியே மட்டும் அடித்தால் அவனுக்குத் திருப்தி வராது. பானெட்டைத் தூக்கி, மலை ஏறி வந்து கொதித்துக்கொண்டிருக்கும் இன்ஜின்மேல் பனித்தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்வான். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பிறகு இன்ஜினில் முகம் பார்க்கலாம்.

அந்த வண்டிக்கு மெக்கானிக், கீழ்த்தெரு மராஷ். மெக்கானிக் என்று சொன்னால் போதாது. பாஷ்க்கின் மூத்த பையனுக்கு முதல் முடி வெட்டியவன் அவன். அதன்பிறகு ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கும்பார்தான். எங்கள் பக்கம் இப்படி முடி வெட்டிக் கும்பார் ஆகிவிட்டால் இரண்டு வீட்டுக்கும் நடுவே பெண் கொடுத்து எடுக்கக்கூட முடியாது. ரத்தம் ஒன்றாகிவிட்டது என்று கணக்கு. மராஷ் அவன் வண்டியில் ஏறினால் முன்சீட்டு. டிக்கெட் என்ற பேச்சே கிடையாது.

வசந்தத்தில் மராஷ் பிளக் வயர்களைப் புதிதாக மாற்றிக் கொடுத்தான். கோடை முழுக்க வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது. இலையுதிர் மழை பிடித்ததும் சனியன் பிடித்தது. தூறலுக்கு மிஸ்ஸிங் அடிக்கும். கொஞ்சம் வலுத்தால் இரண்டு இருமல் இருமி நின்றுவிடும். செல்ஃப் சுற்றும், இன்ஜின் எடுக்காது. வெயில் வந்து அரைமணி காய்ந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

மராஷிடம் கொண்டுபோனான். கொண்டுபோன நேரமெல்லாம் வானம் வெளுத்திருந்தது. பல்வலிக்காரனுக்கு வைத்தியன் வாசலில் வலி நிற்குமே, அதுபோல வண்டி அங்கே போய் நின்றால் சமர்த்தாக ஓடியது. மழை பெய்யும்போது கொண்டுவா என்றான் மராஷ். மழை பெய்தால் மலையில் நிற்கிற வண்டியை முதுகில் தூக்கியா வருவது என்று பாஷ்க் எரிந்து விழுந்தான்.

மராஷ் கையைத் துடைத்துக்கொண்டு, "கும்பார், இன்ஜினக் கழுவுறத நிறுத்து. அதுவும் சூட்டோட தண்ணி காட்டாத. எனக்கு அதுலதான் சந்தேகம்" என்றான்.

பாஷ்க்குக்கு அது உறைக்கவில்லை. பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் பழியை நம் தலையில் கட்டுகிறான் என்றுதான் பட்டது. சுத்தத்தால் கெட்ட வண்டி உலகத்தில் உண்டா என்று வீட்டில் வந்து மனைவி தீலாவிடம் பொருமினான். அன்றைக்கும் கழுவினான்.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில், ஷ்கோதரில் ஒரு சாவு. மேல் ஊர் ஆண்கள் வண்டி நிறைய ஏறியிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கவில்லை, வண்டி இருமிவிட்டு நின்றது. பாஷ்க் வயர்களைத் துணியால் துடைத்தான், ஊதினான், சாமியைக் கூப்பிட்டான், சாமியின் அம்மாவையும் சேர்த்துத் திட்டினான். எடுக்கவில்லை. நல்ல கோட்டும் கறுப்பு டையுமாக வந்த கிழவர்கள் மழையில் இறங்கி நடந்தார்கள், பாஷ்க்கும் கூடவே நடந்தான். எதிரே வந்த மரலாரி ஒன்று ஏற்றிக்கொண்டு திரும்பி அவர்களைச் சேர்த்தபோது, குழியை மூடி மண் தட்டியாகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிந்தினால் இங்கே கிண்டலோடு போகும். அடக்கத்துக்குப் பிந்தினால் மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

சாவு வீட்டு ஆண்கள் அறையில் சுவரோரம் வரிசையாக நாற்காலி. சிகரெட் தட்டு வந்தது, சர்க்கரை போடாத காப்பி வந்தது. செத்தவரின் அண்ணன் பாஷ்க்கின் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, என்னப்பா ஆச்சு என்றுதான் கேட்டார். அதட்டலாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் அறை முழுக்க அவனையே பார்த்தது. அவன் நாக்கு முந்திக்கொண்டது.

"மராஷ்தான். கழட்டிப்போட்ட பழைய வயர மாட்டிட்டு, புதுசுன்னு ஏமாத்திட்டான்."

மராஷ் அப்படிச் செய்திருப்பான் என்று வண்டியிலேயே நினைத்திருந்தானா, அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியதா, அது அவனுக்கே தெரியாது. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அதுவரைக்கும் நிஜம்.

காப்பிக்கடையில் சொன்னது காப்பிக்கடையோடு போகும். சாவு அறையில் சொன்னது சாட்சி சொன்ன மாதிரி. அங்கே பொய் சொல்ல எவனுக்கும் துணிவு வராது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அந்த வாரமே அது பத்து ஊருக்கு ஏறிவிட்டது. மராஷின் பட்டறை முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கும்பாரையே ஏமாற்றியவன் நம்மை விடுவானா என்று பேசிக்கொண்டார்கள். மராஷ் சண்டைக்கு வரவில்லை. தீலாவைச் சந்தையில் பார்த்தபோது, எந்த மாதிரி அறையில் சொன்னானோ அதே மாதிரி அறையில் அவனே திருப்பிச் சொல்லட்டும், அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினான்.

பாஷ்க் வண்டியை ஷ்கோதருக்குக் கொண்டுபோய் லேஷ் என்கிற மெக்கானிக்கிடம் விட்டான். லேஷ் கொட்டகைக் கதவைச் சாத்தினான். ஜன்னலில் தார்ப்பாயைத் தொங்கவிட்டான். பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு. இன்ஜினை ஓடவிட்டு, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து முதலில் வயர்கள்மேல் ஒவ்வொன்றாக அடித்தான். ஒன்றுமில்லை. இன்ஜின் மூச்சு மாறவில்லை. பிறகு, பிளக்குகளுக்குக் கரண்ட் பங்கு வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் அடித்தான். அவ்வளவுதான். கறுப்பு மூடிமேல் நீல நிறத்தில் நரம்பு நரம்பாகப் பொறி ஊர்ந்தது. இன்ஜின் இருமியது. நின்றது.

லேஷ் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். மயிரிழைபோல ஒரு விரிசல். ஈரம் பட்டால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக ஓடிவிடுகிறது.

"வயருக்கு ஒண்ணும் இல்ல. நல்ல சரக்கு, போட்டவனும் கைகாரன்தான்" என்றான் லேஷ். "ஆமா, கொதிக்கிற இன்ஜின்ல பச்சத்தண்ணிய அடிச்சியா?"

பாஷ்க் தலையைக் குனிந்துகொண்டு, "தெனமும்" என்றான்.

"கொதிக்கிறதுல தண்ணி ஊத்தினா கண்ணாடி டம்ளரே வெடிக்குது. இது என்ன பண்ணும் பாவம்."

புது மூடி போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. மழைக்கு அஞ்சாமல் வண்டி ஏறி இறங்கியது. வேறொரு பிரச்சினை முளைத்தது. வண்டி நன்றாக ஓட ஓட, மராஷ் திருடன் என்பது ஊருக்கு உறுதியாகிக்கொண்டே போனது. பார், அவனை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போனான், சரியாகிவிட்டது என்றார்கள். ப்ரெங்க் ராக்கிச் சாராயம் வாங்கிக் கொடுத்து, "உன்னயே மொட்ட அடிச்சிட்டானேடா உன் கும்பார்" என்று முதுகில் தட்டினான். பாஷ்க் குடித்தான். இல்லை என்று சொல்லவில்லை.

தீலாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாயால தொரத்தினவர வாயாலதான் கூப்பிடணும். வேற வழி கெடையாது."

அடுத்த சாவு வரட்டும், சொல்லிவிடுகிறேன் என்றான். சாவுக்காகக் காத்திருந்தவன் ஊரிலேயே அவன் ஒருவன்தான்.

அதுவும் வந்தது, நல்ல மழையில். பூக்காவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்கு ஊருக்கு அடக்கத்துக்கு முன்பே கொண்டுசேர்த்தான். ஆண்கள் அறைக்குள் நுழைந்தவர்கள் நெஞ்சில் கைவைத்து, வீட்டுக்காரர்களிடம் வழக்கப்படி, "ஒங்க தல நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பாஷ்க்கும் உட்கார்ந்தான். நிமிர்ந்து பார்த்தால் எதிர் வரிசையில் மராஷ். முகம் சவரம் செய்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். பட்டறையை இந்த மாதத்தோடு மூடப்போவதாகப் பேச்சு இருந்தது. அவன் பாஷ்க்கைப் பார்த்தான், கோபமாக அல்ல. ஒருவன் பேச்சை ஆரம்பிக்க மற்றவன் காத்திருக்கும் பார்வை.

எப்படித் தொடங்குவது என்று பாஷ்க் காப்பிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் தானாகவே பாதையை வெட்டிக் கொடுத்தார். இந்த மழையில் நேரத்துக்குக் கொண்டுவந்தாயே, வண்டிக்கு அப்படி என்னதான் இருந்தது என்று கேட்டார்.

அறையில் கோப்பைகள் நின்றன. இதைவிட நல்ல சந்தர்ப்பம் மனிதனுக்கு வாய்க்காது. மூடி விரிசல் விட்டிருந்தது, நான் கழுவிக் கெடுத்தேன், கும்பார்மேல் தப்பில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். பாஷ்க் வரிசையைப் பார்த்தான். போன தடவை மழையில் நடந்த கிழவர்கள் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். அடக்கத்தை அவர்களுக்கு இல்லாமல் செய்தவன் தான்தான் என்று இப்போது ஆகும். சாவு அறையில் பொய் சொன்னவன் என்றும் ஆகும். அப்படிப்பட்டவன் வண்டியில் நாளைக்கு எவன் ஏறுவான்?

"வயர்தான்" என்றான். "வயர மாத்தினேன்."

யாரோ, அதுதானே என்றார்கள். கோப்பைகள் மறுபடி அசைந்தன.

மராஷ் காப்பியைப் பாதியில் வைத்தான். எழுந்தான். வெளியே போகிறவன் வரிசை முழுக்கக் கை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாவு அறையில் பகையாளிக்கும் கையை மறுக்கக் கூடாது. ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தான். பாஷ்க் முன்னால் நின்றான். பாஷ்க் எழுந்து கையை நீட்டினான். மராஷ் அதை வாங்கிக்கொண்டான், இடதுகையை நெஞ்சில் வைத்தான்.

"ஒங்க தல நல்லாருக்கட்டும்."

வீட்டில் பிணம் கிடப்பவனிடம் சொல்வதை, அவனிடம் சொன்னான். அதுவும் 'ஒங்க' என்று, கும்பார் என்று சேர்க்காமல். அடுத்தவருக்குக் கை கொடுக்க நகர்ந்தான்.

திரும்பும் வழியெல்லாம் மழை. மேலேறும் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி நின்றுவிடாதா என்று பாஷ்க் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே ஓட்டினான். அது ஒரு தரம்கூட மூச்சு மாறவில்லை. பின்சீட்டுக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே ஊர்வரை பாராட்டிக்கொண்டு வந்தார்கள்.