ஆமா, இல்லை, சிரிப்பு

யூசாய் அக்காவுக்கு உட்காரத் தெரியாது. கல்யாண விருந்துக்கு அழைத்தாலும் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, நின்றபடியே தின்றுவிட்டுக் கிளம்புகிறவள். சந்தையில் மழைக்கோட்டுக் கடை வைத்திருக்கிறாள். துறைமுகத்துச் சுமைக்காரர்களும் மீன்படகுக்காரர்களும் கிழிந்த கோட்டுகளைக் கொண்டுவந்து போடுவார்கள்; நின்றுகொண்டே பசை தடவி ஒட்டுப் போட்டுக் கொடுப்பாள். அறுபத்தொரு வயது. ஒரு கண் வேலையில் இருந்தால் மறு கண் வானத்தில் இருக்கும். ஒரு தூறல் விழுந்தால் போதும், "ஆ-லான், கடையைப் பாத்துக்கோ" என்று பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரியிடம் சொல்லிவிட்டு, நூற்று எண்பத்து மூன்று படி ஏறி வீட்டுக்கு ஓடிவிடுவாள். வருஷத்தில் இருநூறு நாள் மழை பெய்கிற ஊர் எங்களுடையது. மழை வந்தால் கடையை விட்டு ஓடுகிற மழைக்கோட்டுக்காரி எப்படிப் பிழைக்கிறாள் என்று எங்களுக்கே ஆச்சரியம்தான்.

அவள் ஓடுவது சுவரைப் பார்க்க. வீட்டுக்குப் பின்னால் மலையைத் தாங்கி நிற்கிற கல்சுவர் அது. மாமனார் காலத்தில் நேராகத்தான் நின்றது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அடித்த ஒரு புயலில் நடுவே தொந்தி போட்டது. "உங்க சுவருக்கு எத்தனையாவது மாசம்?" என்று கேலி பேசாத ஆள் அந்தச் சந்தில் இல்லை. யூசாய்க்குச் சிரிப்பு வராது. விரிசலின் குறுக்கே மழைக்கோட்டுத் துணியில் ஒரு துண்டை ஒட்டி, அதன் மேல் தேதி எழுதி வைப்பாள். சுவர் நகர்ந்தால் துண்டு கிழியும். முதல் துண்டு மூன்று வருஷம் தாங்கியது. அடுத்தது ஒன்றரை வருஷம். கடைசியாக ஒட்டியது நாற்பதே நாளில் இரண்டாகப் போனது.

வீட்டுக்காரர் போஷுன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்பது டன் பெட்டியைத் தலைக்கு மேலே தொங்கவிட்டுப் பழகியவருக்கு ஒரு சுவர் எம்மாத்திரம்? நாற்காலியில் சாய்ந்து பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கீழ போயிடலாம்யா. ஆ-லான் வீட்டு மாடி சும்மாதானே கிடக்கு?"

"அப்பா தன் கையால கட்டின வீடு. அவரு ஆவி குடியிருக்கிற பேர்ப்பலகை இங்க பூஜை மாடத்துல இருக்கு. அவரைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

"சுவரு விழுந்தா அவரும் சேந்துதான் போவாரு, கிழவா."

"கட்டித் தர்றோம்னுதானே அரசாங்கம் சொல்லுது? கட்ட மாட்டோம்னு ஒருத்தன் வாயால வரட்டும். அன்னிக்கு நானே இறங்குறேன். நீ கூப்பிடக்கூட வேண்டாம்."

கிழவர் விவரமானவர். அரசியல்வாதி எவனும் 'இல்லை' என்று சொல்ல மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். இந்தப் பதினோரு வருஷத்தில் மூன்று மேயர்கள் வந்து போனார்கள். மூவருக்கும் யூசாய் மனு எழுதினாள். மூவரிடமிருந்தும் பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' மூன்றையும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். அதைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமா என்றால் சுவர் எழும்பும், இல்லை என்றால் கிழவர் இறங்குவார். இரண்டும் இல்லாத இந்தப் பரிசீலனைதான் அவளை உட்காரவிடவில்லை.

நவம்பரில் மறுபடி மேயர் தேர்தல் வந்தது. தெருவெல்லாம் கொடி, ஒலிபெருக்கி வண்டி. வேட்பாளர் சிரிக்கிற படம் போட்ட காகிதக் கைக்குட்டைப் பொட்டலங்கள் வீட்டுக்கு வீடு குவிந்தன. எங்கள் வட்டத் தலைவர் யோவ் ஒரு சேதி கொண்டுவந்தார்: வேட்பாளர் ஃபான் ஞாயிறு மத்தியானம் கடலம்மா கோயில் முற்றத்துக்கு வருகிறார், ஜனங்களின் கேள்விக்குப் பதில் சொல்வார், ஆனால் மூன்று கேள்விக்குத்தான் நேரம் உண்டு.

மூன்று கேள்விக்கு முப்பத்தேழு சீட்டு வந்து சேர்ந்தது. வண்டி நிறுத்த இடம், பூங்காவில் பாட்டுச் சத்தம், தெருநாய், இப்படி. யாருடையதைத் தள்ளினாலும் அடுத்த தேர்தலில் தன் தலை உருளும் என்று யோவுக்குத் தெரியாதா?

"நான் பொறுக்கலப்பா. அம்மாவே பொறுக்கட்டும்" என்று சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு சந்நிதிக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு அது புதிதல்ல. பெண் பார்ப்பதிலிருந்து படகு வாங்குவது வரை பிறைக்கட்டை போட்டுத்தான் கேட்போம். இரண்டு சிவப்பு மரக்கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் ஆமா. இரண்டும் உருண்டை காட்டினால் இல்லை. இரண்டும் தட்டை காட்டினால் சாமி சிரிக்கிறது, அதாவது பதில் இல்லை, மறுபடி போட வேண்டும். ஒரு சீட்டு தேற வேண்டுமானால் தொடர்ந்து மூன்று ஆமா விழ வேண்டும்.

சனிக்கிழமை காலை முழுக்கக் கட்டை தரையில் விழுந்துகொண்டே இருந்தது. பூங்காப் பாட்டுச் சத்தம் தேறியது, வண்டி நிறுத்தம் தேறியது. ஆ-லானின் தெருநாய் இரண்டாவது வீச்சிலேயே போயிற்று. அவள் அம்மனிடமே கோபித்துக்கொண்டு வெளியே போய் நின்றாள். யூசாய் தூணுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

யோவ் அவள் சீட்டை எடுத்துப் பெருமூச்சு விட்டார். "மறுபடியும் சுவரா, அக்கா?"

"நீ போடு."

முதல் வீச்சு, ஆமா. இரண்டாவதும் ஆமா. மூன்றாவதில் ஒரு கட்டை உருண்டுபோய் மேசைக்காலில் சாய்ந்து, படுக்கவும் இல்லாமல் கவிழவும் இல்லாமல் நின்றது.

"செல்லாது" என்று யோவ் குனிந்தார்.

"கையை வைக்காத! நின்னதை நின்னபடி விடு. அம்மா யோசிக்கிறா."

"அக்கா, கட்டைக்கு யோசனை கிடையாது. விலகு, திரும்பப் போடுறேன்."

திரும்பப் போட்டார். ஆமா.

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது யூசாய் சொன்னாள்: "இன்னிக்குக் கேக்கப் போறேன். வர்றியா?"

"கோயில் ஒலிபெருக்கி மலை உச்சி வரைக்கும் கேக்கும். இங்கேருந்தே கேட்டுக்கறேன். பரிசீலனைன்னு சொல்லுவான் பாரு" என்றார் போஷுன், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃபானுக்கு ஐம்பது வயதிருக்கும். அன்றைக்கு அது அவருக்கு ஏழாவது கூட்டம். தொண்டை கட்டிப்போய், இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே பேசினார். பாட்டுச் சத்தத்தைப் பற்றிக் கேட்டதற்கு, பாட்டும் கலாச்சாரம்தான், தூக்கமும் உரிமைதான், இரண்டையும் சமன் செய்வோம் என்றார். வண்டி நிறுத்தத்துக்கு, ஒட்டுமொத்தமாகத் திட்டமிடுவோம் என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். எங்கள் ஜனங்கள் எல்லாவற்றுக்கும் கை தட்டுவார்கள், இலவசமாக எள்ளுருண்டை சூப்பு கொடுத்திருந்தார்களே.

பிறகு ஒலிவாங்கி யூசாய் கைக்கு வந்தது. அவளுக்குக் கோயிலில் கேட்டுத்தான் பழக்கம். கோயிலில் சாமி ஆள் மாறிப் பார்த்துவிடக் கூடாதென்று பேர், விலாசம், பிறந்த நாள் எல்லாம் சொல்லித்தானே கேட்போம்? அதேபோல ஆரம்பித்துவிட்டாள்.

"என் பேரு ஜியான் யூசாய். மேல்படிச் சந்து, பதினாலாம் நம்பர். மாட்டு வருஷம், மூணாம் மாசம், ஒன்பதாம் தேதி பிறந்தேன்."

முற்றமே சிரித்தது. அவள் முகம் சிவந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"என் வீட்டுக்குப் பின்னால இருக்கிற சுவரை உங்க நாலு வருஷத்துக்குள்ள கட்டித் தருவீங்களா? ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, தம்பி."

"அக்கா, மலைச்சரிவுப் பாதுகாப்புங்கிறது என் திட்ட அறிக்கையிலேயே மூணாவது பக்கத்துல..."

"சிரிப்பு!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஆ-லான் கத்தினாள். "ரெண்டும் தட்டை! செல்லாது!"

ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். யூசாய் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்க, தம்பி" என்றாள்.

ஃபானும் சிரித்து மழுப்பினார். "நான் வந்ததும் ஒரு நிபுணர் குழு அமைச்சு, ஆறு மாசத்துல..."

"சிரிப்பு!" இந்தத் தடவை கத்தியது கூட்டம் முழுவதும். ஃபானின் உதவியாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். யோவ் நெளிந்தார்: "அக்கா, நேரம் ஆச்சு, விடுக்கா."

யூசாய் பையிலிருந்து அந்தக் கடைசித் துண்டை எடுத்து வேட்பாளர் கையில் வைத்தாள். மஞ்சள் மழைக்கோட்டுத் துணி, இரண்டாகக் கிழிந்தது, மேலே தேதி.

"இது நாப்பது நாள்ல கிழிஞ்சிது. எனக்கு நல்ல பதில் வேணும்னு நான் கேக்கல. ஒரு பதில் வேணும். நீங்க இல்லைன்னாலும் பரவாயில்ல. இல்லைன்னு சொன்னா நாங்க ஒரு முடிவுக்கு வருவோம். பதினோரு வருஷமா யாரும் எங்களை முடிவு பண்ணவே விடல."

ஃபான் கிழிசலைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். மிட்டாயை வாயிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"மலை யாருதுக்கா?"

"பழைய நிலக்காரர் வாரிசுங்களுது. நாப்பத்தேழு பேரு. பாதிப் பேரு எங்க இருக்காங்கன்னே தெரியாது."

உதவியாளர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஃபான் ஒருதரம் சந்நிதிப் பக்கம் திரும்பினார். உள்ளே அம்மன் ஊதுவத்திப் புகையில் கறுத்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைக்கா" என்றார். "அத்தனை பேரு கையெழுத்து வாங்காம அந்தச் சுவத்துல கை வைக்க முடியாது. என் நாலு வருஷத்துல முடியாது. எனக்குப் பதிலா யாரு வந்தாலும் இதேதான். நீங்க இறங்கிடுங்க. அடுத்த புயலுக்கு முன்னால இறங்கிடுங்க."

யாரும் கை தட்டவில்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எங்கள் வட்டத்தில் இன்றும் பேச்சு ஓயவில்லை. சாமிக்குப் பயந்துதான் என்கிறாள் ஆ-லான். ஏழாவது கூட்டம், களைப்பு, வாய் தவறிவிட்டது என்கிறார் யோவ். தேர்தலில் ஃபான் தோற்றுத்தான் போனார்.

யூசாய் அப்போது செய்ததைத்தான் யாரும் மறக்கவில்லை. ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தாள், பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாகக் கேட்டு அலைந்த வார்த்தை கிடைத்துவிட்டது. கிடைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயதில் மணப்பெண்ணாக ஏறிப் போன வீடு. இரண்டு பிள்ளைகள் பிறந்த வீடு. அது வேண்டாம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தூங்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆ-லான் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "அழாதக்கா. மாடியைக் கூட்டி வைக்கிறேன்."

கொஞ்ச நேரம் கழித்துப் படியேறினாள். மழை வலுத்திருந்தது. முதல்முறையாக அவள் ஓடவில்லை. கிழவர் என்ன சொல்லி மறுப்பார், தான் என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு சண்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டு ஏறினாள். எழுபதாவது படியோ எண்பதாவது படியோ, மேலே யாரோ இறங்கி வருவது தெரிந்தது.

போஷுன்தான். அவள் ஒட்டுப் போட்ட மழைக்கோட்டைப் போட்டிருந்தார். ஒரு கையில் சோற்றுக்குக்கர். இன்னொரு கையில், மார்போடு அணைத்து, சிவப்புத் துணியில் சுற்றிய அப்பாவின் பேர்ப்பலகை.

"கேட்டுச்சா?" என்றாள்.

"மலைக்கே கேட்டுச்சு." மூச்சு வாங்கியது அவருக்கு. "பிறந்த நாளையெல்லாம் எதுக்குடி ஊருக்குச் சொன்ன?"

அவள் அவர் கையிலிருந்த குக்கரை வாங்கிக்கொண்டாள். சூடாக இருந்தது. பலகையைப் பார்த்தாள். அதை இடம் மாற்றுவதானால் பெரியவரைக் கேட்காமல் மாற்ற முடியாது.

"மாமாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். கட்டை போட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"மூணு தடவையும் ஆமா. யோசிக்கவே இல்ல அவரு."

"அப்போ இத்தனை வருஷம்? அவரைத் தூக்கிக்கிட்டு எங்க போறதுன்னு என் வாயை அடைச்சியே, அப்பல்லாம் என்ன சொன்னாரு?"

போஷுன் துணியை இழுத்துப் பலகை நனையாமல் மூடினார்.

"கேக்கலையே" என்றார். "கேட்டா ஆமான்னுடுவாரோன்னு பயமா இருந்துச்சு."

யூசாய்க்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் முழங்கையைப் பிடித்தாள். "வழுக்கும், பாத்து இறங்கு" என்றாள். இருவரும் இறங்கினார்கள்.