நான் எடுத்த படங்கள்

நான் ஜாக்கெட் தைக்கிறவள். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் மிஷின் போட்டிருக்கிறேன். கணவர் விசைத்தறிக்குப் போகிறார். எங்களுக்கு ஒரே மகள்.

அவள் எட்டாவது படிக்கும்போது என் போனில் தையலுக்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள்.

“எல்லா டெய்லரும் போடுதாங்கம்மா. நீ மட்டும் ஏன் சும்மா இருக்கே?”

முதலில் ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டி எடுத்துப் போட்டோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவளுக்கு ஒரு பாவாடை தாவணி தைத்தேன். அவள் அதைக் கட்டிக்கொண்டு நின்றபோது விளையாட்டாக ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். மறுநாளே புளியங்குடியிலிருந்து இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அதிலிருந்து தைத்து முடிக்கிற ஒவ்வொரு ஜாக்கெட்டையும் அவளுக்குப் போட்டு எடுக்க ஆரம்பித்தேன்.

பெரியவர்கள் அளவு அவளுக்குத் தொளதொள என்றிருக்கும். முன்பக்கம் ஊக்குகள் குத்தி இறுக்குவேன். அது படத்தில் தெரியக்கூடாது என்று முதுகுப்பக்கம் திருப்பி நிறுத்துவேன். ஜனங்கள் கேட்பதும் பின்கழுத்து டிசைனைத்தானே. “ஏட்டி, சடைய முன்னால எடுத்துப் போடு. அப்படியே தலைய மட்டும் திருப்பிச் சிரி” என்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்பில் இருப்பாள். ஆனாலும் சிரிப்பாள்.

கீழே வருகிற கமெண்டுகளை நான் படிக்க மாட்டேன். விலை கேட்கிறவர்களுக்கு மட்டும் பதில் சொல்வேன். அவள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். ‘பொண்ணு கலர் கம்மி’ என்று எவனோ எழுதியிருந்ததை ஒருநாள் என்னிடம் காட்டினாள். தூக்கிப்போடு என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு: “கொஞ்சம் வெளுப்பா வையி. அப்பதான் துணியும் எடுப்பாத் தெரியும்.”

அன்றிலிருந்து போனிலேயே முகத்தை வெளுப்பாக்காமல் அவள் ஒரு படமும் போடவில்லை. மத்தியானச் சோற்றைப் பாதி அப்படியே திருப்பிக்கொண்டு வந்தாள். கை குண்டாகத் தெரிகிறதாம். அந்தக் கை என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். படம் போட்ட பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் என் போனை எடுத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பாள். நானும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பேன்.

பத்தாவதில் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை தன் போனை என் பக்கம் நகர்த்தினார். யாரோ நடத்துகிற ஒரு அசிங்கமான பக்கத்தில், ஜாக்கெட் சரியாகத் தெரியாதபடி நெருக்கி வெட்டிய என் மகளின் முதுகும், அடுத்த படத்தில் அவள் முகமும் இருந்தன. அவற்றுக்குக் கீழே எழுதியிருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊர்ப் பையன்கள் அதை ஒருவருக்கொருவர் அனுப்பி, அது வகுப்புவரை வந்துவிட்டது.

“பொம்பளப் பிள்ள கையில போனக் குடுத்தா இப்படித்தான். யாருக்கு அனுப்பினான்னு நீங்களே கேளுங்க” என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. வாசலில் நின்றவளை அறைந்தேன். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். மகள் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. என்னைப் பார்த்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் போனை வாங்கி எங்கள் பக்கத்தைத் திறந்து, ஒரு படத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பச்சைப் பட்டு ஜாக்கெட். பின்கழுத்தில் முத்துக் குஞ்சம் வைத்தது. திருவேங்கடம் ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்கு நான் தைத்தது.

“நான் யாருக்கும் ஒண்ணும் அனுப்பல. இது நீ எடுத்ததும்மா.”

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள், “கழுத்து ரொம்ப எறங்கியிருக்கு, வேண்டாம்மா” என்றிருந்தாள். “முதுகுதானே, அதுல என்ன?” என்று நான்தான் திருப்பி நிறுத்தினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டேன். சேலையும் மாற்றிவிட்டேன். வாசல்படிவரை போய்த் திரும்பிவிட்டேன். பெற்ற தாயே மகளை நிறுத்திப் படம் எடுத்தாள் என்று தலைமையாசிரியை அறையில் இருக்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன். என் பதினைந்து வயது மகள் அதே பார்வையை வாங்கிக்கொண்டு தினமும் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

போலீஸுக்குப் போகலாம் என்று கணவரிடம் சொன்னேன்.

“ஸ்டேஷன்ல போய் நிக்கதுக்கா? பாக்காதவனும் தேடிப் பாப்பான்” என்றார். அவரும் மகள்தான் எவனுக்கோ அனுப்பிவிட்டாள் என்று நினைத்து அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். எங்கள் பக்கத்தில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அந்த அசிங்கத்தை எடுக்கச் சொல்லி, போனிலேயே அந்தக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினோம். ஒரு இடத்தில் எடுத்தார்கள். வேறு இடத்தில் முளைத்தது.

பொதுத்தேர்வு முடிந்த பிறகுதான், அந்தப் படம் எங்கள் பக்கத்திலிருந்து போனது, எடுத்தது நான் என்று கணவரிடம் வாய் திறந்தேன். மிஷின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“இத இப்பச் சொல்லி என்ன ஆவப்போவுது? வெளிய யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத.”

அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது. அவர் மகளிடம் மறுபடி பேச ஆரம்பித்தார், சாப்பிட்டாயா, பஸ் வந்ததா என்கிற அளவுக்கு மட்டும். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கப் பலமுறை பக்கத்தில் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், “காப்பி போடட்டா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பஸ்ஸில் போய் வருகிறாள். இந்த வெயிலிலும் வீட்டுக்குள் துப்பட்டாவை எடுக்க மாட்டாள். சொந்தக்காரர் கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டால் பந்திப்பக்கம் போய்விடுவாள். ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படத்தைத் தவிர, அந்த அரையாண்டிலிருந்து அவளுக்குப் படமே கிடையாது. நான் மட்டும் தையல் பக்கத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இப்போது ஒரு துணிக்கடைப் பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன். முன்பு அவள் போட்டு நின்ற ஜாக்கெட்டுகளை அது போட்டுக்கொண்டு நிற்கிறது. ஆர்டர் குறைவுதான். வருகிறது.

சேர்ந்தபோது புதுப் பள்ளிக்கூடத்தில் சீருடைத் துணி கொடுத்தார்கள். அளவு எடுக்கலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

“வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அக்கா தைக்காங்க. அவங்கட்ட குடுத்துட்டேன்.”

“ஏட்டி, வீட்டுல மிஷின வச்சுக்கிட்டு...”

“குடுத்துட்டேம்மா.”

பள்ளி திறந்த அன்று அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். தோள்பட்டை இரண்டு பக்கமும் தொங்கியது, கை வெட்டு சரியில்லை. அஞ்சு நிமிஷத்தில் பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்றேன்.

“இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.