மஞ்சள் துணியில் முடிந்த இங்கிலாந்து ராஜா

என்னிடம் இருந்த ஒரே பொக்கிஷம், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளிக் காசு. பல நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எவனோ ஒருவன் சம்மட்டியால் ஓங்கி அடித்துச் செய்தது. சாலைக் கடைத்தெருவில் பழைய வெள்ளி வாங்கும் கடையில், உருக்கப் போட்டிருந்த கொலுசுகளுக்கு நடுவே கிடந்தது. அடி விலகி விழுந்ததில் ராஜாவின் கிரீடம் பாதி காசுக்கு வெளியே போய்விட்டது. முட்டைக் கண்கள், காதோரம் சுருள் முடி. பின்புறம் விளிம்புவரை ஓடும் சிலுவை. சில்லறை வேண்டியவர்கள் அந்தக் கோட்டிலேயே காசை வெட்டிக்கொள்வார்களாம்.

மழை பெய்யும் மதியங்களில் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கிழக்கேகோட்டைப் பேருந்துகளின் இரைச்சல் மெல்ல அடங்கும். எங்கோ ஒரு குளிர்ந்த ஊர், புகை, சம்மட்டிச் சத்தம். ரொட்டி வாங்க வந்த ஒருத்தி இதே காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ராஜாவைக் கொஞ்சினது போறும், காபி ஆறறது" என்று மனைவி கூப்பிடும்வரை நான் இந்த ஊரில் இல்லை.

போன மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் தலைக்கேறி நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வீட்டுக்கு வந்தபோது பெட்டியில் காசைக் காணோம். பூஜை அலமாரியில், குலதெய்வத்தின் படத்தடியில், மஞ்சள் துணியில் முடிந்து கிடந்தது. அப்படி நேர்ந்து முடிந்த காசு, காரியம் நடந்ததும் கோவில் உண்டியலுக்குப் போயாக வேண்டும். போதாக்குறைக்கு மனைவி அதை விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறாள். பழங்காசுக்கு மதிப்பே அந்தக் கருமைதான்; அத்தனை காலத்துக் கருமையும் போயே போச்சு.

"ஒரு ரூபாய்க் காசு கிடைக்கலையா உனக்கு?" என்று கத்தினேன்.

"கிடைச்சுது. குழந்தையைத் திருப்பிக் குடுன்னு பகவான்கிட்ட கேக்கறச்சே, நமக்கு வேண்டாததையா முடியறது? இந்த ஆத்துல நீங்க உசிரா வச்சிண்டிருக்கறது அது ஒண்ணுதானே." பிறகு குரல் இறங்கியது. "வேணும்னா அவிழ்த்து எடுத்துக்கோங்கோ. வேற முடிஞ்சுடறேன்."

எடுக்கத்தான் கை நீட்டினேன். முடிச்சு லேசாகத் தளர்ந்திருந்தது. அது அவிழ்ந்தால் வேண்டுதலும் அவிழ்ந்துவிடுமோ என்று பட்டது. அவளுக்கு இருக்கும் பக்தியில் கால்வாசி எனக்குக் கிடையாது. இருந்தும் முடிச்சை இழுத்து இறுக்கி, அதன்மேல் இன்னொன்றும் போட்டேன். இந்த ராஜா சீக்கிரம் என் வீட்டைவிட்டுப் போகட்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

ஓணம் கழிந்து திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வம் சாஸ்தாவின் கோவிலுக்குப் போனோம். துணியோடு அதை உண்டியலில் போட்டது மகள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.