மூன்று எண்ணுக்கு இடமில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சண்முகவடிவு அக்காவைப் போலக் கொழுந்து எடுக்க ஆளில்லை. அது தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய துரைக்கும் தெரியும், பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு எண்பத்தைந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் அரைப்பேர் விழ ஆரம்பித்தது. நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரை நாள் வேலைதான் கணக்கு. அதைப் போட்டவர் யார் என்கிறீர்கள்? அவளுடைய சொந்தப் புருஷன், வீரய்யா கங்காணி.

கங்காணி பெண்டாட்டிக்குச் சலுகை என்று யாராவது பேசிவிடுவார்களாம். அந்தப் பயத்தில் மற்றப் பெண்களை அதட்டுவதைவிட அக்காவைத்தான் அதிகம் அதட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சனிக்கிழமை காலையில், வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எல்லோரும் கூடி நிற்கும்போது கத்தினார்.

"நிரையில பாதிச் செடிய அப்பிடியே விட்டுட்டு வர்றா. என்னைய கேவலப்படுத்தணும்னே செய்யிறா. திங்கக்கெழம ஒரு செடி விடுபட்டாலும் கூடைய வாங்கிப்புடுவேன்!"

"சத்தியமா நான் ஒன்னையும் விடலீங்க" என்றாள் அக்கா. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் போன நிரையில் இடப்பக்கமெல்லாம் கொழுந்து பறிக்கப்படாமல் நின்றதை எல்லோரும்தான் பார்த்திருந்தார்களே. கூடையை வாங்கி வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் அவள் பொய்க்காரி என்று முடிவாகிவிடும். அக்காவுக்கு அரைப்பேரைவிட அதுதான் உயிர் போகிற விஷயம்.

நான் பெற்றீசியா, தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர். லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்குப் பக்கத்துக் காம்பரா என்னுடையது. நோட்டன் பிரிட்ஜ் ஊரில் வெளிநாட்டு எஞ்சினியர்களுக்குச் சமைக்கிற என் தம்பி லியனார்ட், அவர்கள் விட்டுப்போன புதிர்ப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்திருந்தான். அதில் ஒன்பது வரிசைக் கட்டங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில எண்கள். மிச்சத்தை நாம் நிரப்ப வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை, குறுக்கே பார்த்தாலும் நெடுக்கே பார்த்தாலும், தடித்த கோடு போட்ட சின்னச் சதுரத்துக்குள் பார்த்தாலும், ஓர் எண் ஒரு தடவைதான் வரலாம். இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதலில் மனதுக்குப் பட்டதையெல்லாம் எழுதித் தள்ளினேன். கடைசியில் ஒரே வரிசையில் இரண்டு ஏழு வந்து பல்லை இளித்தன. நிச்சயமில்லாவிட்டால் எழுதக்கூடாது என்று புரிவதற்குள் அரை அழிறப்பர் தேய்ந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தபோது அக்கா வாசலில் அழுது முகம் வீங்க உட்கார்ந்திருந்தாள். மனசு மாறட்டுமே என்று உள்ளே கூப்பிட்டு ஒரு புதிரை நீட்டினேன்.

"நம்ம நிரை மாதிரித்தான் அக்கா. ஒரு நிரைக்கு ஒரு ஏழுதான்."

சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் எழுதியதெல்லாம் கோணல். "அந்த வரிசையிலதான் ஏழு இருக்கே" என்றால், "எங்க இருக்கு?" என்பாள். கண்ணுக்கு முன்னால் இருக்கிறதைக் கேட்கிறாளே என்று எனக்குச் சலிப்பு. கொஞ்ச நேரம் கழித்து பென்சிலைக் கீழே போட்டாள்.

"டீச்சர், பொஸ்தகம் அடிச்சவன் ஏமாத்திட்டான். ஒம்பது நம்பருன்னு சொல்றீங்க, கட்டம் ஆறுதான் இருக்கு. மூணு நம்பருக்கு எடமே இல்ல."

குனிந்து பார்த்தேன். வலப்பக்கம் நெருக்கமாக எழுத்து. இடப்பக்கத்து மூன்று வரிசையும், மேலிருந்து கீழ்வரை, சுத்தமாகத் தொடப்படவில்லை. தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன்.

அக்கா பதறிப்போனாள். "ஐயோ, நான் எழுதுனத யாரு அழிச்சா?"

மூளையில் இரத்தம் கட்டினால் இப்படி ஆகும், கண்ணில் பழுதில்லாமலே ஒரு பக்கத்து உலகம் இல்லாமல் போகும் என்று பிறகு கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. தாளை எடுத்துக்கொண்டு அவளோடு பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன்.

இடப்பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை என்று நான் சொன்னதைக் கேட்டு வீரய்யா சிரித்தார். "கடுதாசி வெளாட்ட வச்சு எனக்குக் கங்காணி வேல படிச்சுக் குடுக்குறீங்களா டீச்சர்? இது பூராவும் எம்மேல உள்ள கோவம். சோத்தக்கூட பாதிதான் திங்கிறா. நீங்களே பாருங்க."

புருஷனுக்கும் தனக்கும் சோறு போட்டு அக்கா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பசியோடுதான் சாப்பிட்டாள். கொஞ்சத்தில் கையை உதறி, போதும் என்று எழப் பார்த்தாள். தட்டின் இடப்பாதியில் சோறும் பருப்பும் அப்படியே இருந்தன. நான் அவளை உட்காரச் சொல்லி, தட்டை அரைவட்டமாகத் திருப்பினேன்.

அவள் நிமிர்ந்து எதிரே பலகையில் இருந்த புருஷனைப் பார்த்தாள். "முடிச்சிட்டேன்ல, எதுக்கு மறுபடியும் போட்டீங்க?"

வீரய்யாவின் கைச்சோறு தட்டிலேயே விழுந்தது. மாதக்கணக்காக அவளோடு முகம் கொடுத்துப் பேசாத மனுசன் எழுந்து வந்தார். அவள் பக்கத்தில், இடது தோளோரமாகக் குந்தினார். சத்தமே வரவில்லை, கண்ணீர் மட்டும் மீசையில் இறங்கியது.

அக்கா காலியாகக் கிடந்த எதிர்ப்பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க டீச்சர் அவரு? கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டாரா?"